குடை, செருப்பு, கோயில் வாசல்: 1939 மதுரையை மேசை மேல் ஆடுவது எப்படி

டிராகனும் சுரங்கமும் மந்திர வாளும் இருக்கும்வரை டேபிள்டாப் ஆர்பிஜி மேசையில் யாருக்கும் நெஞ்சு கனப்பதில்லை. கேம் மாஸ்டர் கதையை நகர்த்துவார், மற்ற நான்கு பேர் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், முடிவு தெரியாத இடத்தில் டைஸ் உருளும். ஒருமுறை உட்கார்ந்து ஆடுவது செஷன், பல செஷன்களாகத் தொடரும் ஒரு முழுக்கதை கேம்பெயின். "நம்ம ஊர்லயே, நம்ம தாத்தா காலத்துலயே ஒரு கேம்பெயின் ஆடலாமே" என்று யாராவது ஆசைப்படும் நாளில் விஷயம் மாறிவிடுகிறது. அந்தத் தாத்தாக்களில் ஒருவர் கோயில் கருவறைவரை போனவர். இன்னொருவர் கோபுரத்தைத் தாண்டவே விடப்படாதவர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே தட்டில் மிக்ஸர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் பெரும்பாலான கேம் மாஸ்டர்கள் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். சாதியே இல்லாத 1939 ஒன்றைப் படைப்பது முதல் வழி: நீராவி ரயில், கூஜா, ஃபில்டர் காபி, கதர்த் தொப்பி எல்லாம் இருக்கும், தீண்டாமை மட்டும் இருக்காது. யாருக்கும் சங்கடம் இல்லை என்று தோன்றும். ஆனால் தீண்டாமையை அழித்தால் அதை எதிர்த்து நின்றவர்களும் சேர்ந்தே அழிந்துபோகிறார்கள். இரண்டாவது வழி இதற்கு நேர் எதிர். காட்சிக்குக் காட்சி ஒரு மிராசுதார் வந்து திட்டுவார், விளையாட வந்தவர் மூன்று மணி நேரம் வசவு கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். கேட்டால் "அந்தக் காலத்துல அப்படித்தானே இருந்துச்சு" என்பார்கள்.

அந்தக் காலத்தில் வசவு இருந்தது உண்மை. ஆனால் சாதி நின்றது வசவின் மேல் இல்லை. எந்த வாசல், எந்தக் கிணறு, எந்த டம்ளர், எந்தத் தெரு, யார் கையில் குடை என்ற ஏற்பாட்டின் மேல்தான் அது நின்றது. ஆட்டத்திலும் அதை அங்கேயே வைக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைப்பவை.

முதலில் ஆண்டு

"வெள்ளைக்காரன் காலம்" என்பது தேதி ஆகாது. எந்தக் கதவு திறந்திருந்தது, எது மூடியிருந்தது என்பது இரண்டு வருடத்தில்கூட மாறியிருக்கிறது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஆதிதிராவிடர்களும் நாடார்களும் 1939 ஜூலை 8 வரை போக முடியாது. அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில், பின்னாளில் அமைச்சரான கக்கன் உட்பட ஒரு சிறு குழு உள்ளே போனது. திருவிதாங்கூரிலோ கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர் 12-லேயே வந்துவிட்டது. ஆக, 1938-இல் செங்கோட்டையைத் தாண்டிப் போகும் ஒரு பாத்திரத்துக்கு சமஸ்தான எல்லைக்கு அந்தப் பக்கம் திறக்கும் கதவு இந்தப் பக்கம் மூடியிருக்கும். இந்த ஒரு வித்தியாசமே ஒரு செஷனுக்குப் போதுமான கதை.

கதை 1939 ஏப்ரலில் தொடங்கி ஜூலையில் முடிவதாக வைத்துக்கொண்டால், ஆட்டக்காரர்களிடம் கொடுக்கும் காலத்தாள் ஒரே பக்கம், ஆறு வரி இருந்தால் போதும். ஆறுக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை. கேம் மாஸ்டர் உரக்கப் படித்தால் அது வகுப்பறை ஆகிவிடும். எங்கள் தாளில் இருக்கும் ஆறு: மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டு 1921-இல் வந்தது, சொத்துத் தகுதி இருந்தவர்களுக்கு மட்டும். 1922-இல் அரசுக் காகிதங்களில் 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் ஏறியது. 1924-இல் பொதுச் சாலை, பொதுக்கிணறு, அரசு அலுவலகம் எல்லோருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1930 ஏப்ரல் 1 முதல் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 வயதுக்குக் கீழே கல்யாணம் செய்வது குற்றம். 1937-இலிருந்து ராஜாஜியின் காங்கிரஸ் மந்திரிசபை நடக்கிறது, இந்தி எதிர்ப்புப் போராட்டமும் நடக்கிறது. ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில் பிராமணருக்குத் தனி இடம் இன்னும் இருக்கிறது.

மூன்றாவது வரியைப் பாருங்கள். 1924-லேயே பொதுக்கிணறு எல்லோருக்கும் என்று தீர்மானம் நிறைவேறிவிட்டது. 1939-இல் கிராமத்துக் கிணற்றடியில் நிலைமை என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் தாளை இரண்டு பத்தியாகப் பிரித்து, இடப்பக்கம் 'காகிதத்தில்', வலப்பக்கம் 'தெருவில்' என்று எழுதுங்கள். ஆட்டக்காரர்கள் சீக்கிரமே இந்த இடைவெளியைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறார்கள். தீர்மான நகலைக் கையில் வைத்துக்கொண்டு தாசில்தாரிடம் போவது, பத்திரிகைக்கு எழுதுவது, வழக்குப் போடுவது எல்லாம் அந்தக் காலத்து மனிதர்கள் உண்மையிலேயே செய்தவை.

பாத்திரத் தாளில் எண்கள்

சாதிக்கு எண் கொடுக்காதீர்கள். 'அறிவு +2', 'வலிமை +1', 'திருட்டு +3' எதுவும் வேண்டாம். ஆதிக்கத்தில் இருப்பவருக்குக் கூட்டிக் கொடுப்பது மட்டுமல்ல, ஒடுக்கப்பட்டவருக்கு ஆறுதலாகக் கூட்டிக் கொடுப்பதும் அதே தவறு. எண் என்பது உடம்பில் இருப்பதைச் சொல்கிறது. மனிதர்களுக்கு இடையில் வேறுபட்டது உடம்போ மூளையோ இல்லை, கதவுகள். 1909-இல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதி வெளியிட்டார்; மூக்கின் அகலத்தை அளந்து சாதிகளை வரிசைப்படுத்தப் பார்த்தவர் அவர். சாதிக்கு +2 போடும் கேம் மாஸ்டர் அந்த அளவுகோலைத்தான் கையில் எடுக்கிறார். இந்த வகை ஆட்டங்களில் பேர்போன டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024 விதிகளே 'ரேஸ்' (இனம்) என்ற சொல்லைக் கைவிட்டுவிட்டன. நாம் அதைச் சாதி என்ற பெயரில் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை.

பாத்திரத்தின் 'கிளாஸ்', அதாவது ஆட்டத்தில் அது எந்த வகை ஆள் என்ற விஷயத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். பூசாரி, வீரன், வணிகன், உழைப்பாளி என்று நான்கு கிளாஸ் வைத்தால் வர்ணப் பட்டியலை எழுதி முடித்துவிட்டோம் என்று அர்த்தம். தொழிலாக எழுதுங்கள்: அச்சுக்கூடக் கம்பாசிட்டர் (எழுத்துக் கோப்பவர்), ஹார்வி மில் தொழிலாளி, மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ், கல்லூரி மாணவர், தபால்காரர், ரயில்வே ஃபயர்மேன். இந்தத் தொழில்களுக்குள்ளும் கதவு உண்டு என்பதை மறக்க வேண்டாம். பம்பாய் மில்களில் தறிப் பிரிவில் தலித்துகளைச் சேர்க்க மறுத்தார்கள். ஷட்டிலில் நூல் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும், ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவர் வாய் வைக்க வேண்டும் என்பது காரணம். சம்பளம் கூடுதலாகக் கிடைத்த பிரிவு அது. எச்சிலில் தொடங்கிய தடை கூலியில் வந்து முடிகிறது.

எண்ணுக்குப் பதிலாக நாங்கள் வைப்பது கதவு அட்டை. நான்குக்கு ஆறு அங்குல அட்டை, இடத்துக்கு ஒன்று, ஆறு செஷனுக்கு எட்டு அட்டை போதும். அட்டையில் ஐந்து வரி: யார் எதுவரை போகலாம், எதில் ஊற்றிக் கொடுப்பார்கள், மீறினால் முதலில் என்ன நடக்கும், யார் கண்ணில் படும், உள்ளே யார் உதவுவார்கள். காபி கிளப் அட்டையில் 'உள்ளறை, வெளியறை, வாசல், தெரு' என்று நான்கு நிலைகள் வரும். உள்ளறை பிராமணருக்கு, வெளியறை மற்றவர்களுக்கு. சிலருக்கு வாசலில் கொட்டாங்குச்சி, சிலருக்கு அதுவும் இல்லை. இதை 'மேல் சாதி, கீழ் சாதி' என்று இரண்டாகச் சுருக்கினால் மதுரை புரியாது. தன்னை உள்ளறைக்குள் விடாதவர் மேல் கோபமாக இருக்கும் மனிதரே, வாசலில் நிற்பவரை வெளியறைக்குள் விடமாட்டார். இந்த ஏணிதான் கதைக்கு உயிர்.

கடைசி வரியை ஒருபோதும் காலியாக விடாதீர்கள். உள்ளே உதவக்கூடிய ஒருவர் எப்போதும் இருப்பார்: பாத்திரம் தேய்க்கும் அம்மா, கணக்குப்பிள்ளை, கதர் போட்ட முதலாளி மகன். அவருக்கு என்ன ஆபத்து என்பதையும் அரை வரி எழுதி வையுங்கள்.

சாமான் பட்டியல்

எல்லா ஆர்பிஜி தாளிலும் 'கையில் என்ன இருக்கிறது' என்று ஒரு கட்டம் உண்டு. ஆட்டக்காரர்கள் யோசிக்காமல் நிரப்பும் கட்டம் அது. குடை, செருப்பு, சட்டை, பித்தளைச் செம்பு, ஒரு ரூபாய் சில்லறை என்று எழுதுவார்கள். (ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி, இதைத் தாளின் மூலையில் அச்சடித்துவிடுங்கள்.)

1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. தலைமுடியைக் கிராப் வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. அடுத்த வருடம் பட்டியல் பதினொன்றாக நீண்டது.

இப்போது அந்தக் கட்டத்தைத் திரும்பப் பாருங்கள். ஆட்டக்காரர் எழுதிய ஐந்து சாமானில் நான்கு, மதுரையிலிருந்து ஒரு நாள் பயணத்தில் உள்ள கிராமத்தில் கலகமாகக் கருதப்படும். நகரத்தில் அச்சுக்கூட வேலைக்குச் சட்டையும் செருப்பும் போட்டுப் போகும் மாரி, அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறான். பஸ் நிற்கும் இடத்திலிருந்து சேரிக்கு ஊர்த்தெரு வழியாகத்தான் பாதை. கேம் மாஸ்டர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "செருப்பு கால்ல இருக்கா, கையில இருக்கா?" மேசை அமைதியாகிவிடும். யாரும் யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை, டைஸும் உருளவில்லை. அந்தக் காலம் மேசைக்கு வந்துவிட்டது.

எந்தப் பதிலையும் தண்டிக்காதீர்கள். கையில் எடுத்துக்கொண்டு நடப்பதும் ஒரு முடிவு, போட்டுக்கொண்டு நடப்பதும் ஒரு முடிவு, இருட்டும்வரை காத்திருப்பதும் ஒரு முடிவு. மூன்றையும் அந்தக் காலத்து மனிதர்கள் எடுத்திருக்கிறார்கள். 'தைரியமானது எது' என்று கேம் மாஸ்டர் முகபாவத்தில் காட்டினாலே போதும், ஆட்டக்காரர் மாரியை விட்டுவிட்டு உங்களைத் திருப்திப்படுத்த ஆடத் தொடங்குவார்.

மேசையில் இருப்பவர்கள்

யாருடைய சாதியையும் கேட்காதீர்கள். சுற்றி வளைத்தும் கேட்காதீர்கள். 'சொந்த ஊர் எது, எந்தத் தெரு' என்பது நம் ஊரில் சுற்றி வளைத்த கேள்விதான். பெயரையோ நிறத்தையோ பார்த்துப் பாத்திரம் கொடுப்பது அதைவிட மோசம். முன்பே எழுதிய பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்து எல்லோரும் பொதுவாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும், காரணம் சொல்லாமல் மாற்றிக்கொள்ளும் உரிமையும் இருக்கட்டும். தலித் ஆட்டக்காரர் ஒருவர் தலித் பாத்திரம் எடுக்காமல் தபால்காரரை எடுத்தால் அது அவர் விருப்பம். வீட்டில் தினம் சுமப்பதை விளையாட்டிலும் சுமக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. காட்சி நடுவில் அவர் பக்கம் திரும்பி "இது சரியா இருக்கா?" என்று கேட்பதையும் விட்டுவிடுங்கள். தகவலைச் சரிபார்ப்பது கேம் மாஸ்டர் முன்கூட்டியே செய்ய வேண்டிய வேலை.

பேச்சு வழக்கு விஷயத்தில் தமிழ் மேசைக்கென்றே ஒரு விதி தேவை. மதுரைத் தமிழ் யாரும் பேசலாம். அது ஊரின் பேச்சு. ஒரு சாதிக்கென்று அடையாளம் ஆகிவிட்ட பேச்சைப் போலி செய்வது வேண்டாம். அக்ரகாரப் பேச்சானாலும் சேரிப் பேச்சானாலும், நம் சினிமாவும் மேடையும் அவற்றைச் சிரிப்புக்காகவே பழக்கிவைத்திருப்பதால், நல்ல எண்ணத்தோடு தொடங்கினாலும் பத்து நிமிடத்தில் மிமிக்ரி ஆகிவிடும். ஒருவர் சிரித்துவிட்டால் காட்சி முடிந்தது.

அதற்காகத் தமிழ் நம்மைக் கைவிடவில்லை. ஆங்கிலத்தில் ஆடுபவர்களுக்கு இல்லாத ஒரு கருவி நம்மிடம் இருக்கிறது: நீ, நீங்கள். வசவை நடித்துக் காட்டாமல், "அவர் உங்களை ஒருமையில் கேட்கிறார்" என்று சொன்னாலே கேட்பவருக்குச் சுருக்கென்று தைக்கும். ஐம்பது வயதுக்காரரை ஒரு பொடியன் 'வாடா' என்றான் என்று வெளியிலிருந்து சொல்லுங்கள். அவன் குரலில் சொல்லத் தேவையில்லை.

ஒரு மாதிரிக் காட்சி. காணாமல் போன ஒரு அச்சுக்கூட முதலாளியைத் தேடி மாரியும் கல்லூரி மாணவர் சுந்தரமும் காபி கிளப்புக்கு வருகிறார்கள். முதலில் பேசுவது கேம் மாஸ்டர்.

"கல்லாவுல இருக்கிறவர் சுந்தரத்தைப் பார்த்து எழுந்து, உட்காரச் சொல்றார். அடுத்து மாரியைப் பார்க்கிறார். ஒண்ணும் சொல்லலை. சப்ளையர் ரெண்டு டம்ளர் எடுத்துட்டு வந்தவர், ஒண்ணைத் திரும்ப உள்ளே கொண்டு போய் வெச்சுட்டார். என்ன செய்றீங்க?"

"அக்கா, நான் உட்காரலை. நின்ன இடத்துலேருந்து கல்லாவைப் பார்க்கிறேன். கடன் நோட்டு திறந்திருக்கா?" என்கிறார் மாரியாக ஆடுபவர்.

"திறந்திருக்கு. தலைகீழா இருக்கு. ஆனா நீங்க கம்பாசிட்டர், எழுத்தைத் தலைகீழா படிக்கிறதுதான் உங்க தொழில். முதலாளி பேருக்கு எதிர்ல போன வெள்ளிக்கிழமை ரெண்டு காபி எழுதியிருக்கு. கூட யாரோ வந்திருக்காங்க."

"நான் காபி வேணாம்னு எழுந்துடறேன்" என்கிறார் சுந்தரமாக ஆடுபவர்.

"சரி. ரெண்டு பேரும் தெருவுல நிக்கிறீங்க."

இதில் கவனிக்க வேண்டியது தடயம் கிடைத்த விதம். மூடிய கதவுக்கு இரண்டு பக்கமும் தடயம் இருக்க வேண்டும். உள்ளே போனவருக்கு மட்டும் கிடைக்கும் என்று வைத்தால், எல்லா வாசலும் திறந்திருக்கும் பாத்திரமே ஆட்டம் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும், மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள். கலப்புக் குழு ஆடும்போது அடிக்கடி நேரும் கோளாறு இதுதான். முதல் இரண்டு செஷனில் யார் எத்தனை காட்சியில் முடிவெடுத்தார்கள் என்று ஒரு துண்டுத்தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். ஒருவருக்கு எட்டும் இன்னொருவருக்கு இரண்டும் வந்தால் உங்கள் கதவு அட்டைகளில் பிழை இருக்கிறது. ஒவ்வொரு பாத்திரமும் மட்டுமே திறக்கக்கூடிய இரண்டு கதவுகளைச் சேருங்கள். நர்ஸ் ரோசம்மாளிடம் மட்டுமே வாய் திறக்கும் நோயாளி, சுந்தரத்தைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடும் சேரித் திண்ணை, ஷிப்டு முடிந்த பின் மில் தொழிலாளிகளுக்கு மட்டும் தெரிந்த டீக்கடை. முதல்முறை ஆடுபவர்களுக்கு எங்கள் பரிந்துரை: கலப்புக் குழு வேண்டாம், எல்லோரும் ஒரே அச்சுக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களாக, ஏறக்குறைய ஒரே கதவுகள் திறப்பவர்களாக இருக்கட்டும்.

ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரம்

செஷன் ஜீரோவை, அதாவது ஆட்டம் தொடங்கும் முன் எல்லைகளைப் பேசி முடிவு செய்யும் சந்திப்பை, தவிர்த்துவிட்டு இந்த ஆட்டத்தை ஆரம்பிக்காதீர்கள். பதினான்கு விஷயங்களை அச்சடித்த தாள் ஒன்று ஆளுக்குக் கொடுங்கள்: தீண்டாமை, கூலி மறுப்பு, போலீஸ் அடி, குழந்தைத் திருமணம், மத மாற்றம், பட்டினி, சாவு என்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம்: 'காட்சியாக வரலாம்', 'திரைக்குப் பின்னால் நடக்கலாம்', 'வேண்டவே வேண்டாம்'. டிக் மட்டும்தான், எழுத்து கூடாது. நண்பர்கள் வட்டத்தில் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும். எல்லோருக்கும் ஒரே நிறப் பேனா. தாள்களை மடித்து வாங்கி, ஒரு விஷயத்துக்கு யார் போட்ட கட்டம் மிகக் கடுமையானதோ அதையே எல்லோருக்குமான விதியாக எடுங்கள். ஓட்டெடுப்பு வேண்டாம்.

மூன்று விஷயங்களை நாங்கள் முன்பே 'வேண்டவே வேண்டாம்' என்று அச்சடித்து விடுகிறோம்: பாலியல் வன்முறை, சாதி வசவுச் சொற்களை வாயால் சொல்வது, குழந்தைகள் மேல் கொடுமையைக் காட்டுவது. இவை வரலாற்றில் இல்லை என்பதால் அல்ல. மேசைக்கு வந்தால் பாதிக்கப்படுவது பாத்திரம் இல்லை, எதிரே உட்கார்ந்திருப்பவர் என்பதால்.

மேசை நடுவில் எக்ஸ் போட்ட அட்டை இருக்கும். யார் தொட்டாலும் காட்சி அங்கேயே நின்று வேறு பக்கம் திரும்பும், காரணம் கேட்கக் கூடாது. நம் ஊரில் இது தானாக நடக்காது. கேம் மாஸ்டர் சீனியராகவோ, அலுவலகத்தில் மேலதிகாரியாகவோ, வயதில் மூத்தவராகவோ இருந்தால் யாரும் அட்டையைத் தொட மாட்டார்கள். அதனால் முதல் செஷனில் கேம் மாஸ்டரே ஒரு சின்ன விஷயத்துக்காக அதைத் தொட்டுக் காட்ட வேண்டும். கூடவே, போனில் தனியாக 'எக்ஸ்' என்று மெசேஜ் அனுப்பும் வழியையும் வைத்துக்கொள்ளுங்கள். அது வந்தால், யாருக்கும் தெரியாமல் "இருங்க, இதை நானே மாத்திடறேன்" என்று கேம் மாஸ்டர் தன் மேல் போட்டுக்கொண்டு நகர வேண்டும்.

எதற்கு டைஸ், எதற்கு வேண்டாம்

பேச்சுத் திறமைக்கு டைஸில் உச்ச எண்ணான 20 விழுந்ததும் பூட்டிய வாசல் திறந்துவிட்டால் வரலாறு பொய்யாகிவிடும். வைக்கத்தில் மக்கள் கேட்டது கோயில் நுழைவு அல்ல, கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமை. 1924 மார்ச் 30-இல் தொடங்கினார்கள். மூன்று பேர் மூன்று பேராக, மூன்று சாதியிலிருந்து ஒவ்வொருவர், தடைப்பலகையைத் தாண்டிப் போய்க் கைதானார்கள். பெரியார் இரண்டு முறை சிறை போனார். 1925 நவம்பரில் முடிந்தபோது நான்கு தெருவில் மூன்று திறந்தது, கிழக்குத் தெரு திறக்கவில்லை. இருபது மாதம், முக்கால் வெற்றி. இதை ஒரு டைஸ் வீச்சில் அடைக்க முடியாது.

டைஸை வேறு இடங்களில் வையுங்கள்: கடிதம் போலீஸ் கைக்குப் போகுமுன் போய்ச் சேர்ந்ததா, தொண்டர்கள் அடி வாங்கியும் கலையாமல் நின்றார்களா, நிருபர் சாயங்கால ரயிலைப் பிடித்தாரா. வாசல் திறப்பதற்குப் பத்துக் கட்டம் கொண்ட ஒரு நீண்ட கடிகாரம் (கட்டம் எல்லாம் நிரம்பினால் விஷயம் நடந்துவிடும் வட்டம்) வரைந்து, செஷனுக்கு அதிகபட்சம் இரண்டு கட்டம் நிரப்புங்கள்.

இன்னொரு கடிகாரமும் தேவை. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மீறலுக்கான பழிவாங்கல் மீறியவரோடு நிற்பதில்லை. சேரி முழுவதற்கும் வேலை இல்லை என்பார்கள், மாடு மேய்க்க விடமாட்டார்கள், கடையில் கடன் நிற்கும். இதை ஆறு கட்டமாக வரையுங்கள்: இரண்டில் கடைக்கடன் நிற்கும், நான்கில் வேலை நிற்கும், ஆறில் தண்ணீர் நிற்கும். மேசையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்து, நிரப்பும் முன் "இதைச் செய்தால் ஒரு கட்டம் நிரம்பும்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒளித்து வைத்துத் திடீரென்று குடிசைகள் எரிந்தன என்று சொன்னால், எதிர்த்து நின்றதுதான் தவறு என்ற பாடத்தை மேசைக்குக் கற்பித்துவிடுவீர்கள்.

அதோடு, சேரி மக்கள் அந்தக் கடிகாரத்தின் முள்கள் இல்லை. ஆபத்தான எந்தத் திட்டத்துக்கும் முன் அங்கே ஒரு கூட்டம் நடக்கட்டும். மூன்று என்பிசிகளாவது (கேம் மாஸ்டர் ஆடும் பாத்திரங்கள்) கருத்துச் சொல்லட்டும், மூன்றும் வேறு வேறாக இருக்கட்டும்: அறுவடை முடியட்டும் என்னும் பெரியவர், நாளைக்கே போகலாம் என்னும் இளைஞர், "யாரைக் கேட்டு எங்க பேருல முடிவு பண்ணீங்க?" என்னும் அம்மா. அவர்கள் வேண்டாம் என்று சொல்லவும் முடிய வேண்டும். ஜமீன் வீட்டுப் பையன் ஒருவன் வந்து எல்லோரையும் மீட்கும் கதை இந்தக் கூட்டத்தில்தான் உடையும், உடைய வேண்டும்.

ரேகைச் சட்டம் எனப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சேர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மதுரைப் பக்கம் அதற்கு எதிராக நின்றவர்கள் மேல் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. பதிவான ஆண்கள் இரவில் போலீஸ் கண்காணிப்பில் இருக்க வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஆட்டத்தில் இதை நேரமாக வையுங்கள்: அந்தப் பாத்திரம் இரவுக் காட்சிக்கு வந்தால் விடியும் முன் திரும்பிக் கையெழுத்துக்கு நிற்க வேண்டும். பூட்டு உடைக்கும் திறமை கொடுத்தால் சட்டம் சொன்ன பொய்யை நீங்கள் திரும்பச் சொல்கிறீர்கள்.

தேவதாசிப் பெண்ணை உளவு சொல்லும் அழகியாக வைப்பது இன்னொரு பழைய வழக்கம். அந்த முறையை ஒழிக்கப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும், ஒழிப்புச் சட்டத்தை எதிர்த்த பெங்களூர் நாகரத்தினம்மாளும் அந்தச் சமூகத்திலிருந்தே வந்தவர்கள். ஒழிப்புச் சட்டம் 1947-இல் வந்தது. 1939-இல் அந்த வாதம் சூடாக நடந்துகொண்டிருந்தது, அதில் ஒரு பக்கம் நிற்கும் பெண்ணாக அவரை எழுதினால் பாத்திரம் தானே எழுந்து நிற்கும்.

ஜூலை 8

கடைசி செஷன் அந்த நாளுக்கு வந்து சேரும். ஆட்டக்காரர்களைக் கக்கனின் இடத்தில் வைக்காதீர்கள். உள்ளே போனவர்கள் உண்மையான மனிதர்கள், அந்தச் செயல் அவர்களுடையது. நம் பாத்திரங்களுக்கு வெளியே நிறைய வேலை இருக்கிறது: முந்தின இரவு துண்டறிக்கை அச்சடிப்பது, வதந்தியைத் தடுப்பது, சித்திரை வீதியில் கூட்டம் கூடுகிறதா என்று பார்ப்பது, உள்ளே போனவர்கள் வெளியே வரும்வரை வாசலில் நிற்பது. கேம் மாஸ்டர் கோபுர வாசல் அட்டையை எடுத்து, 'யார் எதுவரை' என்ற வரியை எல்லோர் முன்னும் அடித்து, தேதி போடுங்கள்.

அதோடு செஷனை முடிக்க வேண்டாம், இன்னும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நுழைவை ஏற்காத பட்டர்கள் பூஜை செய்ய மறுத்தார்கள். உள்ளே விட்ட அதிகாரிகளைக் காப்பாற்ற அவசரச் சட்டமும் பின்னர் தனிச் சட்டமும் அதே ஆண்டில் வந்தன. செப்டம்பரில் போர், அக்டோபரில் மந்திரிசபை ராஜினாமா. மாரியின் ஊரில் கிணறு அப்படியேதான் இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டக்காரரும் தன் பாத்திரம் அடுத்த வாரம் எங்கே இருக்கும் என்று இரண்டு வரி சொல்லட்டும்.

பிறகு பாத்திரத் தாள்களைக் கவிழ்த்து வைத்து, எல்லோரும் தங்கள் சொந்தப் பெயரை ஒருமுறை சொல்லட்டும். பதினைந்து நிமிடம், மூன்று கேள்வி: எந்தக் காட்சி இன்னும் மனதில் இருக்கிறது, எது நீண்டுவிட்டது, அடுத்தமுறை எதைத் திரைக்குப் பின்னால் தள்ளலாம். விருப்பமில்லாதவர் டீ போடப் போகலாம். அடித்த அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த குழுவுக்கு 1940-இல் கேம்பெயின் தொடங்கினால் அதே அட்டைதான் மேசைக்கு வரும்.